கையில் மூன்று லட்சம்: வரியில்லாக் கணக்கு யாருக்குத் தேவை?

மாங்காய் சீசன் முடிந்து ஆடி பிறக்கும்போது காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் பலர் கையில் கொஞ்சம் மொத்தப் பணம் நிற்கும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் அது புளிப் பணமாகவோ பட்டுக்கூடு விற்ற பணமாகவோ இருக்கும். ஓசூரில் கம்பெனியை விட்டு வந்தவருக்குக் கிராஜுவிட்டியாக இருக்கும். இரண்டு லட்சம், மூன்று லட்சம். மனை வாங்கப் பத்தாது, சும்மா வைத்திருந்தால் கரைந்துவிடும். இந்தப் பணத்தோடு போஸ்ட் ஆபீஸுக்கோ பேங்குக்கோ போகிறவர்கள் முதலில் கேட்பது, "வரி இல்லாத ஸ்கீம் எது?" என்றுதான்.

அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: உங்களுக்கு வரி வருகிறதா?

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, ஆண்டு வருமானம் 4 லட்சம் வரை வரிக்குள்ளேயே வராது. அதற்கு மேல் 12 லட்சம் வரை போனாலும் தள்ளுபடி கிடைப்பதால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்தான். மாதச் சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் சேர்வதால் 12.75 லட்சம் வரை கவலை இல்லை. விவசாய வருமானத்துக்கு வரியே கிடையாது. ஆனால் இங்கே ஒரு சின்னக் குழப்பம் நிறையப் பேருக்கு உண்டு. மாங்காய் விற்ற பணத்துக்குத்தான் வரி இல்லை. அதை டெபாசிட் போட்டு வாங்கும் வட்டி விவசாய வருமானம் ஆகாது, அது சாதாரண வருமானமாகவே கணக்கில் சேரும். விவசாயம் தவிர்த்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் விவசாய வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

இப்போது ஒரு கணக்கு. போஸ்ட் ஆபீஸில் மூன்று ஆண்டு டைம் டெபாசிட்டுக்கு 2025 நிலவரப்படி வட்டி 7.1 சதவீதம். காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுவதால் ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 7,290 ரூபாய் கிடைக்கும். மூன்று லட்சத்துக்குச் சுமார் 21,870. தோப்பு வருமானம் மட்டுமே உள்ளவருக்கு வரிக்கணக்கில் நிற்கப்போவது இந்த 21,870 மட்டும்தான். நான்கு லட்சம் எங்கே, இது எங்கே. வரி ஒரு பைசா வராது.

வரியில்லாத கணக்கு என்று எல்லோரும் கைகாட்டும் பிபிஎஃப், அதாவது பொது வருங்கால வைப்பு நிதி, தருவதும் அதே 7.1 சதவீதம்தான். அது ஆண்டுக்கு ஒருமுறைதான் கூட்டப்படும், அதனால் லட்சத்துக்கு 7,100. முன்னது மூன்று ஆண்டில் திரும்பி வரும். பின்னது பதினைந்து ஆண்டு. வரி கட்டாத ஒருவர் வரிவிலக்குக்காகப் பிபிஎஃப்பில் போட்டால், தனக்கு வராத வரியை மிச்சப்படுத்தப் பதினைந்து வருடம் பணத்தைப் பூட்டி வைக்கிறார் என்று அர்த்தம்.

வரி கட்டுபவருக்கு இதே கணக்கு தலைகீழாகும். ஓசூரில் நல்ல சம்பளத்தில் இருப்பவர், புதிய முறையில் 12 முதல் 16 லட்சம் வரையிலான 15 சதவீத ஸ்லாபில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்தால் 15.6. மேலே சொன்ன 7,290 ரூபாய் வட்டியில் வரி போக அவர் கையில் நிற்பது சுமார் 6,150. 20 சதவீத ஸ்லாபில் 5,770. 30 சதவீதத்தில் 5,010 சொச்சம். பிபிஎஃப்பின் 7,100 அப்படியே முழுசாக நிற்கும். மூன்று லட்சத்துக்கு ஆண்டுக்கு மூவாயிரம் முதல் ஆறாயிரம் ரூபாய் வரை வித்தியாசம். பதினைந்து வருடத்துக்குப் பார்த்தால் அது பெரிய காசு.

வரி எந்தக் கட்டத்தில் இல்லை?

ஒரு சேமிப்பில் வரி மூன்று இடங்களில் குறுக்கிடலாம். பணம் போடும்போது சலுகை உண்டா, வட்டி ஏறும்போது வரி உண்டா, எடுக்கும்போது வரி உண்டா. மூன்று இடத்திலும் தப்பிப்பவை மிகச் சில. சாதாரண ஆள் சுலபமாகத் தொடங்கக்கூடியவை பிபிஎஃப், பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் இரண்டும்தான்.

ஐந்தாண்டு வரிசேமிப்பு எஃப்டி, தேசிய சேமிப்புப் பத்திரம், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஆகியவற்றில் போடும் தொகைக்கு வருமானவரிச் சட்டத்தின் 80சி பிரிவில் கழிவு உண்டு, அதாவது வரிக்கணக்கில் வருமானத்திலிருந்து அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் வட்டிக்கு வரி உண்டு. பெயரில் வரிசேமிப்பு என்று இருப்பதைப் பார்த்து வட்டியும் வரியில்லாதது என்று நினைத்துப் போடுபவர்கள் ஏராளம். இன்னொன்று, அந்த 80சி கழிவே பழைய வரி முறையில் மட்டும்தான். 2023-24 முதல் நீங்களாக மாற்றாவிட்டால் புதிய முறைதான் உங்களுக்குப் பொருந்தும். அதில் 80சி இல்லை. வீட்டுக்கடன் வட்டி போன்ற கழிவுகள் நிறைய இருந்து பழைய முறையிலேயே நிற்பவர், 20 சதவீத ஸ்லாபில் ஒன்றரை லட்சம் போட்டால் 31,200 ரூபாய் வரி குறையும். புதிய முறையில் இருப்பவருக்கு அந்த லாபம் இல்லை. ஆனாலும் பிபிஎஃப், செல்வமகள் இரண்டின் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரி இல்லை என்பது இரண்டு முறைக்கும் பொது.

டிடிஎஸ் பிடிக்கவில்லை, அதனால் வரி இல்லை என்பது இன்னொரு தவறான கணக்கு. டிடிஎஸ் என்பது முன்கூட்டியே பிடிப்பது மட்டுமே. தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கும் கிசான் விகாஸ் பத்திரத்துக்கும் டிடிஎஸ் பிடிப்பதில்லை. ஆனாலும் வட்டி வரிக்கு உட்பட்டது. 2025 ஏப்ரல் முதல் 60 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு ஒரே பேங்கில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ். மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம். மூன்று லட்ச ரூபாய் டெபாசிட்டில் அந்த எல்லை வராது. வேறு டெபாசிட்டுகளும் அதே பேங்கில், வேறு கிளையில் இருந்தாலும், சேர்த்துத்தான் பார்ப்பார்கள். அப்படித் தாண்டுகிறது, ஆனால் வரி வராது என்றால் ஏப்ரலிலேயே அதற்கான உறுதிமொழிப் படிவத்தை (2025-26 வரை 15ஜி, மூத்தவர்களுக்கு 15எச்) எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமானவரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணோ படிவத்தின் பெயரோ வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம். வரி வராதவருக்கான உறுதிமொழிப் படிவம் என்று கேளுங்கள்.

போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு வட்டியில் ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை வரி இல்லை, கூட்டுக் கணக்கில் 7,000. நான்கு சதவீத வட்டியில் 3,500 என்றால் 87,500 ரூபாய் இருப்பு. அவசரச் செலவுக்கான பணத்துக்கு அது போதும்.

பிபிஎஃப்: விவரம் முழுக்க

ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய், அதிகம் ஒன்றரை லட்சம். மொத்தமாகவும் போடலாம், தவணையாகவும் போடலாம். ஒருவருக்கு ஒரு கணக்குதான். கூட்டுக் கணக்கு கிடையாது. போஸ்ட் ஆபீஸில் ஒன்று, பேங்கில் ஒன்று என்று திறப்பது விதிமீறல். மைனர் பிள்ளை பெயரில் திறந்தால் உங்கள் கணக்கும் அதுவும் சேர்த்துத்தான் ஒன்றரை லட்சம். மனைவிக்குத் தனிக் கணக்கு, தனி ஒன்றரை லட்சம். கணவர் கொடுத்த பணத்தையே அவர் போட்டாலும் தடையில்லை. சேரும் வட்டிக்கு வரி இல்லாததால் யார் வருமானத்தோடு சேர்ப்பது என்ற சிக்கலும் எழாது.

ஆக, மூன்று லட்சத்தை ஒரே நாளில் ஒருவர் கணக்கில் போட முடியாது. கணவன் மனைவி இருவரும் ஆளுக்கு ஒன்றரை லட்சம் போடலாம். அல்லது ஒருவரே இரண்டு நிதியாண்டில் போடலாம். பணம் மார்ச்சில் கையில் இருந்தால் சுலபம்: மார்ச் 31-க்குள் ஒன்றரை லட்சம், ஏப்ரல் 5-க்குள் மீதி ஒன்றரை லட்சம். மாங்காய்ப் பணம் ஜூலையில் வருவதால் இரண்டாவது பாதி ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். அதை ஓராண்டு போஸ்ட் ஆபீஸ் டைம் டெபாசிட்டில் போட்டுவிட்டு ஏப்ரலில் உடைத்தால் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் தருவார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் எடுக்கவே முடியாது. ஏப்ரல் முதல் வாரத்துக்கு முதிர்வது மாதிரி நாள் கணக்கில் ஒரு பேங்க் எஃப்டி போடுவதுதான் சரி.

ஏப்ரல் 5-க்குள் என்று சொன்னதற்கான காரணத்தை இங்கேயே சொல்லிவிடலாம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஏப்ரல் 5 அன்று ஒன்றரை லட்சம் போட்டவருக்கு ஏப்ரல் வட்டி உண்டு. 6 அன்று போட்டவருக்கு இல்லை. ஒருநாள் தாமதத்துக்கு விலை 887 ரூபாய் 50 காசு. செக் கொடுத்தால் அது பணமாகிக் கணக்கில் ஏறும் நாளைப் பார்க்க வேண்டும், கொடுத்த நாளை அல்ல. அதனால் மூன்று நான்கு நாள் முன்பே கொடுங்கள். வட்டி மாதாமாதம் கணக்கிடப்பட்டாலும் பாஸ்புக்கில் ஏறுவது மார்ச் 31 அன்று ஒருமுறைதான்.

பதினைந்து ஆண்டு என்பது கணக்கு திறந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை; திறந்த நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணப்படும். 2025 ஆகஸ்ட் 3 அன்று திறந்தால் 2026 மார்ச் 31-லிருந்து பதினைந்து ஆண்டு. அதாவது 2041 ஏப்ரலில்தான் முதிர்வு. இடையில் பணம் எடுப்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

அந்த ஆகஸ்ட் 3 அன்று ஒன்றரை லட்சம் போட்டுவிட்டு, பிறகு ஆண்டுக்கு 500 மட்டும் ஏப்ரல் தொடக்கத்தில் கட்டி வருகிறார். 2026 மார்ச் 31 அன்று எட்டு மாத வட்டி 7,100 சேர்ந்து இருப்பு 1,57,100. 2027 ஏப்ரல் முதல் கடன் கேட்கலாம்: இரண்டு ஆண்டுக்கு முந்தைய இருப்பில் கால் பங்கு, அதாவது சுமார் 39,000. 36 மாதத்துக்குள் அடைத்தால் அதற்கு ஆண்டு வட்டி 1 சதவீதம்தான். நகைக்கடனைவிட எவ்வளவோ மேல். தவறினால் 6 சதவீதம். 2031 ஏப்ரல் முதல் ஒரு பகுதியை எடுக்கலாம். அப்போது கணக்கில் சுமார் 2,24,000 ரூபாய் இருக்கும். ஆனால் எடுக்க முடிவது நான்காவது முந்தைய ஆண்டின் இருப்பு, சென்ற ஆண்டின் இருப்பு, இரண்டில் எது குறைவோ அதில் பாதி. இங்கே 2028 மார்ச் இருப்பு சுமார் 1,81,000. பாதி என்றால் 90,000 சொச்சம்தான். ஆறு வருஷத்தில் பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்று வாய்வழியாகச் சொல்லப்படுவதற்கும் நிஜத்துக்கும் உள்ள தூரம் இவ்வளவு.

ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிருக்கு ஆபத்தான நோய், உயர்படிப்பு போன்ற காரணங்களுக்காக முழுவதுமாக முடிக்கலாம். அப்போது தொடக்கத்திலிருந்தே வட்டியில் 1 சதவீதம் குறைத்துத் தருவார்கள். போர்வெல் போட, டிராக்டர் வாங்க, கல்யாணச் செலவு என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. விவசாயக் குடும்பங்கள் இதை யோசித்துவிட்டுப் போட வேண்டும். மழை பொய்த்த வருடத்தில் மோட்டார் இறக்கப் பணம் வேண்டும் என்றால் பிபிஎஃப் உதவாது. ஒரு நல்லது உண்டு: கடன்காரர் வழக்குப் போட்டாலும் நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் பிபிஎஃப் இருப்பை ஜப்தி செய்ய முடியாது. வருமானவரி பாக்கிக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

வட்டி விகிதம் நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு காலாண்டும் அரசு அறிவிப்பதுதான். 1990-களில் பிபிஎஃப் 12 சதவீதம் தந்தது. 2020 ஏப்ரலிலிருந்து 7.1-ல் நிற்கிறது. டைம் டெபாசிட்டுக்கு அப்படி இல்லை, போட்ட நாளின் வட்டி கடைசி வரை.

பெண் குழந்தை இருந்தால்

இங்கே வரியைப் பற்றிய வாதமே தேவையில்லை. செல்வமகள் திட்டத்துக்கு 8.2 சதவீதம். வரி கட்டுபவரோ கட்டாதவரோ, நீண்டகாலத்துக்கு அரசு உத்தரவாதத்தோடு இதைவிட நல்ல வட்டி வேறெங்கும் கிடைக்காது. பத்து வயது முடியாத பெண் குழந்தை பெயரில் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ திறக்கலாம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு குழந்தை வரை. இரட்டைக் குழந்தை என்றால் விதிவிலக்கு. குறைந்தது 250, அதிகம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். பதினைந்து ஆண்டு கட்ட வேண்டும், திறந்த நாளிலிருந்து 21 ஆண்டில் முதிர்வு. பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ 18 வயதிலோ, படிப்புக்காக முந்தைய நிதியாண்டு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். 18-க்கு மேல் திருமணத்துக்காக முடிக்கலாம். ஐந்தாம் தேதி விதி இங்கும் உண்டு. 8.2 அப்படியே நீடித்தால் ஒரு லட்சம் 21 ஆண்டில் சுமார் 5.2 லட்சம் ஆகும். ஆனால் 2015-ல் 9.1-ல் தொடங்கிய இதன் வட்டி இடையில் 7.6 வரை இறங்கியதும் உண்டு.

தாத்தா பாட்டி பணம் கொடுக்கலாம். பாதுகாவலராக அவர்களே கணக்குத் திறக்கக் கூடாது, சட்டப்படியான பாதுகாவலராக இருந்தாலொழிய. ஊரில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

பெயரை நம்பிப் போடக் கூடாதவை

மொத்தப் பணம் இருப்பது தெரிந்தால் முதலில் வருவது ஒற்றைப் பிரீமியம் இன்சூரன்ஸ். முதிர்வுத் தொகைக்கு வரியே இல்லை என்பார்கள். சட்டம் சொல்வது வேறு: 2012 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த பாலிசியில் பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்று லட்சம் ஒற்றைப் பிரீமியம் என்றால் முப்பது லட்சத்துக்குக் காப்பீடு இருக்க வேண்டும். இந்தப் பாலிசிகள் பலவற்றில் இருப்பது ஒன்றேகால் மடங்கு, அதாவது 3.75 லட்சம். அப்போது முதிர்வில் வரும் லாபத்துக்கு வரி உண்டு; இறப்புத் தொகைக்கு மட்டும்தான் விலக்கு. கையெழுத்துக்கு முன் காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று பிரீமியத்தோடு வகுத்துப் பாருங்கள். பத்து வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

அரசு நிறுவனங்களின் வரியில்லாப் பத்திரங்கள் 2016-க்குப் பிறகு புதிதாக வெளியாகவில்லை. டீமேட் கணக்கு வழியாகச் சந்தையில் வாங்கலாம், அவ்வளவுதான். தொடக்கநிலை ஆட்களுக்கு அது வேண்டாம்.

தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வட்டி கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம். பேங்க் டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு அந்தச் சங்கங்களுக்குக் கிடையாது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி வேறு, அதற்குக் காப்பீடு உண்டு. மாதம் இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று கைமாற்று விடுவதைப் பற்றி இங்கே பேசுவதற்கில்லை.

மாறாக, 60 வயதைத் தாண்டியவர் தயங்காமல் போடக்கூடியது மூத்த குடிமக்கள் திட்டம்: 8.2 சதவீதம், மூன்று லட்சத்துக்கு காலாண்டுக்கு 6,150 ரூபாய் கையில் வரும். வட்டிக்கு வரி உண்டு என்பதைச் சொல்லியே இதைத் தவிர்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேறு பெரிய வருமானம் இல்லாத பெரியவருக்கு அந்த வரி வரப்போவதே இல்லை. ஐந்தாண்டு டைம் டெபாசிட்டின் 7.5-ஐப் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த ஐந்தாண்டுக் கணக்கை நான்கு ஆண்டுக்கு முன் உடைக்க முடியாது. மூன்றாண்டுக் கணக்கை ஓராண்டுக்குப் பிறகு வட்டியில் 2 சதவீதம் இழந்து உடைக்கலாம். டைம் டெபாசிட்டில் ஆண்டுக்கு ஒருமுறை தரும் வட்டியை எடுக்காமல் விட்டால் அந்த வட்டிக்கு மேல் வட்டி சேராது. சேமிப்புக் கணக்கோடு இணைத்துவிட வேண்டும்.

திறக்கப் போகும்போது

ஆதார், பான், இரண்டு போட்டோ, முகவரிச் சான்று, நாமினியின் விவரம். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் பான் கட்டாயம். பிபிஎஃப்பைப் போஸ்ட் ஆபீஸிலும் பெரும்பாலான பெரிய பேங்குகளிலும் திறக்கலாம். ஊர்க் கிளை அஞ்சலகத்திலும் இப்போது முடியும் என்றாலும் பெரிய தொகைக்குத் துணை அஞ்சலகமோ தர்மபுரி, கிருஷ்ணகிரி தலைமை அஞ்சலகமோ போவது சுலபம்.

நம் பக்கத்தில் அதிகம் சிக்குவது பெயர்தான். ஆதாரில் ஒற்றை எழுத்து இனிஷியல், பானில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் வேறு எழுத்துக்கூட்டல். திறக்கும்போது விட்டுவிடுவார்கள், பதினைந்து வருடம் கழித்துப் பணம் எடுக்கும்போது நிறுத்துவார்கள். மூன்றையும் முதலில் ஒன்றாக்கிவிட்டுப் போங்கள். நாமினி இடத்தைக் காலியாக விட்டால், கணக்குதாரர் இறந்த பிறகு குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டும். நாமினி கணக்கைத் தொடர முடியாது. முடித்துப் பணம் வாங்கத்தான் முடியும்.

ஆண்டு 500 ரூபாயை மறந்தால் பிபிஎஃப் செயலிழந்துவிடும். இருக்கும் பணத்துக்கு வட்டி வரும், ஆனால் கடனும் இல்லை, இடையில் எடுப்பதும் இல்லை. தவறிய ஆண்டுக்கு 500-உடன் 50 ரூபாய் அபராதம் சேர்த்துக் கட்டி மீட்கலாம். முதிர்ந்த பிறகு மேலும் ஐந்து ஆண்டு பணம் போட்டுத் தொடர விரும்பினால், முதிர்ந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் பழக்கத்தில் பணம் போட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் புதுப் பணத்துக்கு வட்டி ஏறாது. படிவம் கொடுக்காமல், புதிதாகப் போடாமல் அப்படியே விட்டால் பழைய இருப்புக்கு வட்டி தொடரும். அதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வேண்டிய தொகையை எடுத்துக்கொள்ளலாம்.